கடல் வரையாத கடற்கரைப் படம்

அன்பு மகனுக்கு,

போன வாரம் நீ ஃபோனில் கேட்டதும் நான் சரி என்று சொல்லிவிட்டேன். சென்னையில் நீயும் உன் நண்பர்களும் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு அந்தத் திருச்செந்தூர்ப் படம் வேண்டும், ஒரு ஆளை அனுப்புகிறேன், அவர் பத்திரமாக வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் என்றாய். அப்போது என் கையில் அம்மாவின் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நீ சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. இப்போதெல்லாம் எனக்குப் பல காரியங்கள் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிடுகிறேன். என்ன கேட்டார்கள் என்று பிறகு உட்கார்ந்து யோசிக்கிறேன். யோசித்துப் பார்த்ததில், அந்தப் படத்தைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். இப்போது மத்தியானம். அம்மா தூங்குகிறாள். பகலில் எனக்கு ஒத்தாசையாகச் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பேச்சியம்மாள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் ஃபோனில் நாம் பேசுவது என்ன? சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா, அம்மா எப்படி இருக்கிறாள். அதற்கெல்லாம் பதில் வந்துவிட்டால் நம் இரண்டு பேருக்கும் வேறு பேச்சு கிடையாது.

நீ அந்தப் படத்தைப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் சித்தியின் பேரனுக்கு மொட்டை போட எல்லோரும் ஒரு வேனில் திருச்செந்தூர் போனோம். ஆனி மாசம். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. சந்தனம் பூசிய தலையோடு பையன் அழுது ஓய்ந்த பிறகு எல்லோரும் கடலுக்கு இறங்கினார்கள். உன் அம்மாவும் சித்தியும் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிறுமிகள் மாதிரி சிரித்தார்கள். நான் வழக்கம்போலப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திருடன் கடலுக்குள்ளிருந்து வரமாட்டான், கோயில் பக்கமிருந்துதான் வருவான் என்பது என் கணக்கு. நீ கொஞ்சம் தள்ளி மணலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு சின்ன அட்டையை மடியில் வைத்து பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாய். அம்மா உன்னைத் தண்ணீருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனாள். கடற்கரைக்கு வந்தும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று நான் உன்னை நினைத்துக்கொண்டேன். கடற்கரைக்கு வந்தும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, பொங்கலுக்கு நீ வர முடியாமல் போனபோது, அதே காட்சியைப் பெரிய தாளில் போட்டுக் கண்ணாடி மாட்டி அனுப்பியிருந்தாய். உறையைப் பிரித்தது நான்தான். உனக்குத் தெரியும், வேலை பார்த்த காலம் முழுவதும் நான் பென்சில் பிடித்தவன். தாமிரபரணியிலிருந்து பிரியும் கால்வாய்களுக்கும் மடைகளுக்கும் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் போட்டவன். கரை என்றால் கரை, மட்டம் என்றால் மட்டம். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொடாமல் நின்றால் அங்கே தண்ணீர் கசியும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணோடு உன் படத்தைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் பாதம் இல்லை. மொட்டைத் தலை என்று ஒரு வட்டம், அதிலும் கண் மூக்கு கிடையாது. இரண்டு பெண்கள் எங்கே முடிகிறார்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று தெரியாமல் ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் குடை, ஆனால் குடைக் கம்பிக்கும் கைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. எல்லோரும் ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடற்கரைப் படத்தில் கடலைக் காணோம்.

உடனே உனக்கு ஃபோன் போட்டேன். "கடல் எங்கனலே?" என்று கேட்டேன். "அந்த வெள்ளையா விட்டிருக்கேனே, அதாம்ப்பா," என்றாய். நான் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயிரக்கணக்கான கணக்கு விடைத்தாள்களைத் திருத்தியவள் அல்லவா, அதே பார்வை. "ஸ்டெப்பு ஒண்ணும் போடாம விடைய மட்டும் எழுதுன மாதிரி இருக்கு. ஆனா விடை சரிதான்," என்றாள். நீ அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. அவளுக்குக் கூடத்தில் மாட்ட ஆசை. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று தயங்கி, படுக்கையறையில் மாட்டலாம் என்றேன். ஒரு நாள் முழுக்க வாதாடினாள். கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்தேன். அதை அங்கே மாட்டியதற்குக் காரணம் இவ்வளவுதான். வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஆடியில் அம்மா விழுந்தாள். நான் சவரம் செய்துகொண்டிருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவது எங்கள் காலை வழக்கம். அன்றைக்கும் படித்தாள். அணையின் நீர்மட்டத்தைப் படிக்கும்போது வார்த்தைகள் ஒன்றுக்குள் ஒன்று போய் விழுந்தன. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது பேப்பர் வலது கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் உனக்குத் தெரியும். நீ ஓடி வந்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாய், வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் சில வாரம் இருந்தாய். "நான் பாத்துக்கிடுதேன், நீ வேலையப் பாரு," என்று உன்னை அனுப்பி வைத்தது நான்தான். அதற்காக நீ உன்னை நொந்துகொள்ள வேண்டாம். ஒரு தகப்பன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். வலது கையும் காலும் போனதைவிட அவளுக்குப் பேச்சு போனதுதான் பெரிய அடி. முழுசாகவும் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "நாளைக்கு." தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு, கால் வலித்தாலும் நாளைக்கு, ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் நாளைக்கு. அவள் மனதில் சரியான சொல்தான் இருந்தது, வாய்க்கு வரும்போது அது நாளைக்கு என்று மாறி வந்தது. அது அவளுக்கே கேட்கும், முகம் சுருங்கும். நான் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி இதுவா, இதுவா என்று கேட்பேன். சில சமயம் அவள் கேட்டது என்னவென்று எனக்குப் புரியும் முன்பே அவள் அழுது தூங்கிவிடுவாள். தூக்கி உட்கார வைப்பது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, துடைப்பது, கையை நீட்டி மடக்கப் பழக்குவது என்று என் பொழுது முழுவதும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, உங்களை மாதிரி யார் பார்ப்பார்கள் என்று பாராட்டி, காபி குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காபியைப் போடுகிறவனும் நானாகவே இருந்தேன்.

டாக்டர் சொல்லி, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வாரத்தில் சில நாள் வர ஆரம்பித்தாள். மேலப்பாளையத்துப் பெண், பேர் ஃபாத்திமா. உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருவாள். அவளிடம் ஒரு கட்டுப் பட அட்டைகள் இருந்தன. பசு, வீடு, குடை, வாழைப்பழம். ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டும். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியுமே. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தலைகீழாகக் கணக்கு நடத்தியவளிடம் வாழைப்பழத்தைக் காட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் இடது கையால் எல்லா அட்டைகளையும் தள்ளிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தவற்றை ஃபாத்திமா குனிந்து பொறுக்கினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் கோபப்படவில்லை. "டீச்சருக்கு இது பிடிக்கல, அங்கிள். விருப்பம் இல்லாததப் பாத்தா சொல்லு வராது. அவங்களாப் பாக்குறது எதுன்னு பாப்போம்," என்றாள்.

அம்மா தானாகப் பார்ப்பது எதுவென்று எனக்கு அதுவரை தெரியாது. அவளைச் சுத்தம் செய்வேன், ஊட்டுவேன், ஆனால் அவள் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஃபாத்திமாதான் கவனித்தாள். எதிர்ச் சுவரில் இருந்த உன் படத்தைத்தான் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஃபாத்திமா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாள். இவர்கள் எல்லாம் எங்கே நிற்கிறார்கள், எத்தனை பேர், குடை யார் கையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நாளைக்குதான். வருகிற ஒவ்வொரு தடவையும் அதே படம், அதே கேள்விகள். நான் கதவோரம் நின்று பார்த்து அலுத்துவிட்டேன். அம்மா மட்டும் அலுக்கவில்லை. அட்டைகளைத் தள்ளிய மாதிரி இதைத் தள்ளவில்லை. ஒரு நாள் ஃபாத்திமா, கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போய்த்தானோ என்னவோ, இப்படிக் கேட்டாள்: "ஏன் டீச்சர், ஒருத்தர்கூட நேரா நிக்கலியே? எல்லாரும் சாஞ்சுல்ல நிக்காங்க."

அம்மாவின் வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. இடது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் குறுக்கே வீசினாள். நெற்றியில் இல்லாத முடியை ஒதுக்கினாள். பிறகு சொன்னாள்: "காத்து."

"என்னளா சொன்ன?" என்று கேட்டேன். வகுப்பில் மக்குப் பையனுக்கு மறுபடி சொல்கிற மாதிரி என்னைப் பார்த்து, அழுத்தமாக, "காத்து. காத்து," என்றாள்.

நான் படத்தைப் பார்த்தேன். அத்தனை மாதம் தினமும் கண்ணில் பட்ட படம். அன்றைக்குத்தான் அதில் காற்று அடித்தது. உனக்கு மட்டம் பிடிக்கத் தெரியாமல் சரிந்தவர்கள் என்று நான் நினைத்திருந்த அத்தனை பேரும் காற்றுக்குச் சாய்ந்து நின்றார்கள். பெண்களின் கோடு முடியாமல் போனது, அவர்கள் சேலை அப்படிப் பறந்ததால். குடைக்கும் கைக்கும் நடுவே இருந்த இடைவெளி, இதோ இப்போது கையைவிட்டுப் போகப் போகிறது என்கிற இடைவெளி. வெள்ளையாக விட்ட இடத்தில், நம்பு, எனக்குக் கடல் தெரிந்தது. மத்தியான வெயிலில் கடலைப் பார்த்தால் கண் கூசி வெள்ளையாகத்தானே இருக்கும்? அதில் கோடு எங்கே போட முடியும்? நீ சரியாகத்தான் விட்டிருக்கிறாய்.

படத்தைப் பார்த்துப் பேச்சு வந்தது என்று வெளியே சொன்னால் நம் ஊரில் அதற்கும் மாலை போட்டுவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஃபாத்திமாவும், அது படத்தால் மட்டும் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள், வரவேண்டிய நேரத்தில் வந்தது, படம் கையைப் பிடித்துக்கொண்டது என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகும் கொட்டிவிடவில்லை. மணல் வந்தது. போதும் வந்தது. தங்கச்சி வந்தது. ஒன்று வந்தால் ஒன்று போனது. பேச்சியம்மாளைக் கொஞ்ச நாள் மணல் என்றே கூப்பிட்டாள், அவளும் வந்துட்டேன் அக்கா என்று ஓடி வருவாள். பேச்சியம்மாளுக்கு உன் படத்தின்மேல் ஒரு மனக்குறை உண்டு. துடைக்கும்போதெல்லாம், "தம்பி பாதியில விட்டுட்டுல்ல போயிருக்கு. அடுத்த தடவ வந்தா முடிச்சிருமா?" என்று கேட்பாள். முடிஞ்சிட்டு, அவ்வளவுதான் என்பேன். அவள் நம்பவில்லை. நீ வரும்போது உன்னிடமே கேட்பாள், பதில் யோசித்து வைத்துக்கொள்.

அதற்கப்புறம் நானும் அந்தப் படத்தோடு உட்கார ஆரம்பித்தேன். அம்மா ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விடும் நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. பென்சில் பிடித்தவன் கண்ணுக்கு அதில் பார்க்க நிறைய இருந்தது. முதலில் கெட்டிப் பென்சிலால் தொடங்கியிருக்கிறாய், பாதியில் மிருதுவானதற்கு மாறியிருக்கிறாய். எங்கே கையைத் தூக்கினாய், எங்கே தூக்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியும். சித்தியின் தோளில் இறங்கி, அம்மாவின் சேலையாக ஓடி, குனிந்து நிற்கிற யாரோ ஒருவரின் முதுகாகி, பையனின் மொட்டைத் தலையில் போய் நிற்கிற அந்தக் கோட்டை நீ ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாய். நடுவில் ஒரு தயக்கம் இல்லை. அப்படி ஒரு கோடு நான் போட்டதில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டவன் நான். குடைக்கும் கைக்கும் இடையே கண்ணாடியின் மேல் என் விரலை வைத்து மூடிப் பார்த்தேன். மூடியதும் அது வெறும் குடையாகிவிட்டது, காற்று நின்றுவிட்டது. எடுத்துவிட்டேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். என்னை மாதிரி யாராவது வந்து கோட்டை மூடு என்று சொன்னால் மூடாதே. சொல்கிறவன் தகப்பனாக இருந்தாலும் மூடாதே. பார்க்கிறவன் வந்து மூடிக்கொள்ளட்டும். அதற்கு அவனுக்கு ஒரு வருஷம் ஆகும் என்றால் ஆகட்டும்.

ஒன்றை மட்டும் நான் ரொம்ப நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, தலையில் துண்டு போட்டுக்கொண்டு. எல்லோரும் அந்த வெள்ளையைப் பார்த்து நிற்க, அவன் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது நான்தான் என்று எனக்குத் தெரிந்தபோது மனது நொந்து போனது. என் மகன் என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறான், கூட்டத்தில் சேராதவனாக, எதையும் ரசிக்கத் தெரியாதவனாக என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ இல்லை என்பாய், அது உண்மையா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளால் பதில் சொல்ல முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நாள் ஃபாத்திமா அந்த மூலையைக் காட்டி, "இவங்க யாரு டீச்சர்?" என்று கேட்டாள். அம்மா படத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, "செருப்பு," என்றாள்.

ஃபாத்திமா திகைத்துப் போனாள். புருஷனைப் பார்த்துச் செருப்பு என்கிறாளே, நாம் இருக்கலாமா எழுந்து போகலாமா என்கிற மாதிரி முகம். அம்மாவோ சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கோணிய வாயோடு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நான் செருப்புக்குக் காவல் இருந்ததை ஃபாத்திமாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் மூன்று பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம். பேச்சியம்மாள் என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவர்கள் போன பிறகு கிட்டப் போய் அந்த உருவத்தைப் பார்த்தேன். படம் முழுவதிலும் நீ பென்சிலை மிக அழுத்தியது அங்கேதான். தாள் குழிந்திருக்கிறது. காற்று சாய்க்காத ஆள் அவன் ஒருவன்தான். நீ அதைக் குறையாகப் போட்டாயா, பெருமையாகப் போட்டாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லவும் வேண்டாம். அன்றைக்கு நான் அங்கே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தாய், போட்டாய். என்னிடம் இல்லாத ஒன்றைச் சேர்த்து அழகாக்காமல், உள்ளபடி போட்டாயே, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். நீ அனுப்பும் ஆள் வருவதற்குள் கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம் என்று படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அது இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளிறித் தெரிந்தது. அம்மா அந்த வெற்றிடத்தையே பார்த்தாள். அவளிடம் கேட்காமல் உனக்குச் சரி என்று சொல்லிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து பையச் சொன்னேன். பையன் கண்காட்சி வைக்கிறான், இதை நிறையப் பேர் பார்ப்பார்கள், கேட்டிருக்கிறான், கொடுத்துவிடட்டுமா? அழுவாள் என்று பயந்தேன். அவள் என் மடியில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்தாள். இடது கையால் கண்ணாடியைத் தடவினாள். "குடு," என்றாள். பரிசு கொடுக்கிற மேடையில் நிற்கும் ஹெட்மிஸ்டிரஸ் மாதிரி இருந்தது அந்தத் தோரணை. எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அவள் கொடுத்துவிட்டாள்.

படத்தைத் துணியில் சுற்றிவிட்டு வந்து அவளைப் படுக்க வைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தூங்கு," என்றாள். தனக்குத் தூக்கம் வருகிறது என்கிறாள் என்று நினைத்துத் தலையணையைச் சரி செய்தேன், விளக்கை அணைக்கப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விரலை என் நெஞ்சில் வைத்துக் குத்தினாள். "தூங்கு." கல்யாணமான நாளிலிருந்து என்னை நீங்கள் என்று மட்டுமே சொல்லிவந்தவள். அந்த மரியாதையைச் சேர்த்துச் சொல்ல அவளுக்கு இப்போது திராணி இல்லை. அதனால் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வந்தது. இத்தனை மாதமாக நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் கண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது, படி ஏறும்போது நான் எங்கே நிற்கிறேன், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எப்போது கண் அயர்கிறேன் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வார்த்தை இல்லாமல் கிடந்திருக்கிறாள்.

என் அப்பாவுக்குக் களைப்பு வந்தால் கோபமாக வரும். தட்டு பறக்கும். நான் அவர் மாதிரி இருக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதுவும் நல்ல வழி இல்லை என்று இப்போது தெரிகிறது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களுக்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாங்க முடியாத அன்றைக்கு, முடியவில்லை என்று சாதாரணமாகச் சொல்லப் பழகு. சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று சொல்வது மாதிரி சொல். நான் அதை இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன், அதுவும் நேரில் சொல்ல வராமல் எழுதித்தான் சொல்கிறேன்.

படத்தைத் தருகிறேன். ஆளை மட்டும் அனுப்பாதே. நீயே வா. படத்தை எடுத்துப்போக வந்ததாக ஊருக்குச் சொல்லிக்கொள்வோம். ஒரு பத்து நாளாவது இருக்கிற மாதிரி வா. எனக்கு முடியவில்லை மகனே. அம்மாவை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் புரட்டுவது என்று ஒரு நாள் உன் கூடவே நின்று சொல்லித் தருகிறேன். அவள் திட்டுவாள், என்ன வார்த்தையில் திட்டுவாள் என்று சொல்ல முடியாது. நீ அவள் பக்கத்தில் இரு. நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாமல், தூங்க வேண்டும்.

காலை வண்டியில் வா. ஜங்ஷனில் இறங்கினால் எப்போதும் நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். இந்தத் தடவை நிற்க மாட்டேன். ஆட்டோ பிடித்து வந்துவிடு.

உன் அப்பா